அம்மா அல்சூரில், மகன் ஓசூரில்: 112-க்கு யார் போன் செய்வது?

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். வீடு பெங்களூர் அல்சூரில், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பகலில் அம்மா தனியாக இருப்பார். வயது 67. சேலத்திலிருந்து வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது; கன்னடம் கொஞ்சம் புரியும், பேச வராது. போன மாதம் குளியலறையில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். எனக்குப் போன் செய்தார், நான் 112-ஐ அழைத்தேன். அழைப்பு தமிழ்நாட்டுக் கட்டுப்பாட்டு அறைக்குப் போனது. நான் அல்சூர் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் கீழ்வீட்டு அக்கா ஆட்டோ பிடித்து அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டார். அம்மா இப்போது நலம். அழைப்பவர் இருக்கும் இடத்தைத் தானாகவே அனுப்பும் ஆப்கள் இருப்பதாக ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அம்மாவின் ரெட்மி போனில் எதைப் போடுவது, என் ஐபோனில் எதைப் போடுவது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

ஆப் இல்லாததால் அன்று தாமதம் ஆகவில்லை. நீங்கள் ஓசூரில் நின்று அழைத்ததால் ஆனது. முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். ஆப் அதற்குப் பிறகுதான்.

112 நாடு முழுவதற்கும் ஒரே எண். ஆனால் அழைப்பை எடுக்கும் அறை ஒன்றல்ல. 2018 நவம்பரில் இமாச்சலப் பிரதேசத்தில் தொடங்கி ஒவ்வொரு மாநிலமாகச் சேர்ந்தது இந்த ஏற்பாடு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிக் கட்டுப்பாட்டு அறை, தனி வண்டிகள். உங்கள் போன் அந்த நிமிடம் எந்த மாநிலத்து டவரைப் பிடித்திருக்கிறதோ, அந்த மாநிலத்து அறையில் மணி அடிக்கும். சிம் பெங்களூரில் வாங்கியதா, ஆதார் முகவரி எங்கே என்பதெல்லாம் கணக்கில் வராது. 108-க்கும் இதே கதைதான். இடம் அனுப்பும் ஆப்களும் அப்படியே: எந்தப் போனில் பொத்தானை அழுத்துகிறீர்களோ அந்தப் போன் இருக்கும் இடத்தைத்தான் அனுப்பும். உங்கள் ஐபோனில் பத்து ஆப் போட்டு வைத்தாலும் வரைபடத்தில் விழும் புள்ளி சிப்காட்டில்தான் விழும். அதை நம்பி ஒரு வண்டி கிளம்பினால் இன்னும் கெடுதல்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் முதல் அழைப்பு அம்மாவின் போனிலிருந்தே போக வேண்டும். அவரால் முடியாவிட்டால் கீழ்வீட்டு அக்காவின் போனிலிருந்து. நீங்கள் மூன்றாவது. அம்மா பழக்கத்தில் உங்களைத்தான் முதலில் அழைப்பார். எல்லா அம்மாக்களும் அப்படித்தான். அப்போது நீங்கள் 112-ஐ அழுத்தாமல் அந்த அக்காவை அழைத்து, "108-க்குப் போன் பண்ணிக்கொண்டே மேலே போங்க" என்று சொல்லுங்கள். அவர் எடுக்காவிட்டால்? அதற்காகத்தான் 080 சேர்த்த முழு எண்கள் இரண்டை இன்றே உங்கள் போனில் சேமித்து வைக்கச் சொல்கிறேன்: நீங்கள் வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு, உங்கள் ஏரியா போலீஸ் ஸ்டேஷனின் லேண்ட்லைன். இவை எந்த ஊரிலிருந்து அழைத்தாலும் பெங்களூரில்தான் ஒலிக்கும். ஒருமுறை பகலில் அழைத்து எண் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கர்நாடகாவில் 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் ஓடுகிறது. உடம்பு சம்பந்தப்பட்டது என்று தெளிவாகத் தெரிந்தால் அம்மா நேராக 108-ஐ அழைக்கட்டும். திருட்டு, தீ, சாலை விபத்து, என்னவென்றே புரியாத நிலை என்றால் 112.

இனி, இடம் எப்படித் தெரிகிறது என்று பார்ப்போம். இது புரிந்தால் எந்த ஆப்பை எவ்வளவு நம்பலாம் என்பது தானாகத் தெரியும்.

சாதாரணமாக எண்ணை அழுத்தி அழைத்தால், மொபைல் கம்பெனி வழியாகக் கிடைப்பது டவரை வைத்துக் கணித்த இடம். நகரத்தில் அது சில நூறு மீட்டர் சுற்றளவு. அல்சூர் மாதிரி நெருக்கமான ஏரியாவில் அந்தச் சுற்றளவுக்குள் நூற்றுக்கணக்கான வீடுகள் இருக்கும். போனின் ஜி.பி.எஸ் திறந்த வெளியில் ஏறத்தாழ 5 மீட்டருக்குள் காட்டும். ஆனால் கான்கிரீட் கூரைக்குக் கீழே, அதுவும் உள்ளறை குளியலறையில், செயற்கைக்கோள் சிக்னல் வலுவிழந்துவிடும். அங்கே போனுக்குக் கைகொடுப்பது சுற்றியுள்ள வைஃபை பெட்டிகள்தான். அவற்றை வைத்து ஒரு கட்டடம், இரண்டு கட்டடம் என்ற அளவுக்கு நெருங்கிவிடும். அம்மா போனில் லொகேஷன் பகுதிக்குள் போய், துல்லியத்தைக் கூட்டும் கூகுள் வசதியும் வைஃபை ஸ்கேனிங்கும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். பேட்டரி மிச்சமாகும் என்று யாராவது அணைத்து வைத்திருப்பார்கள்.

வரைபடத்தில் நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் ஒன்று தெரியும். நிறையப் பேர் புள்ளியை மட்டும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வட்டத்தை. ஆண்ட்ராய்டில் அந்த வட்டத்துக்குள் நீங்கள் இருப்பதற்கான வாய்ப்பு 68 சதவீதம். மூன்றில் ஒரு தடவை வெளியே இருப்பீர்கள் என்று அர்த்தம். வட்டம் தெருவின் இரண்டு பக்கத்தையும் மூடினால், அந்தப் புள்ளி உங்கள் வீட்டைக் காட்டவில்லை, உங்கள் தெருவைக் காட்டுகிறது. மாடியை அது காட்டவே காட்டாது.

எந்த ஆப்பும் போடாமலே அவசர அழைப்பின்போது போன் தானாக ஜி.பி.எஸ்-ஐ இயக்கி இடத்தை அனுப்பும் வசதி ஒன்று உண்டு. உங்களிடம் சொன்னவர்கள் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆண்ட்ராய்டில் 2016-இலும் ஐபோனில் 2018-இலும் வந்தது. ஆனால் போனில் இருந்தால் மட்டும் போதாது. எதிர்முனையில் இருக்கும் கட்டுப்பாட்டு அறையும் அதை வாங்கிக்கொள்ளும்படி இணைக்கப்பட்டிருக்க வேண்டும். இந்தியாவில் கூகுளின் இந்தச் சேவை முதலில் இணைந்தது உத்தரப் பிரதேசத்தின் 112-உடன், 2025 டிசம்பரில். அதனால் அல்சூரிலிருந்து அம்மா அழைத்தால் புள்ளி தானாகப் போய்விடும் என்று இப்போது எண்ணி இருக்க வேண்டாம். போனால் நல்லது, போகாது என்று வைத்துக்கொண்டு ஏற்பாடு செய்யுங்கள்.

அம்மா போனில் போட வேண்டியது ஒன்றே ஒன்று: '112 இந்தியா' ஆப். மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் (C-DAC) உருவாக்கியது. இதே பெயரில், இதே எண்ணை வைத்து வேறு ஆப்களும் ஆப் ஸ்டோரில் கிடக்கும். உருவாக்கியவர் யார் என்று பார்த்துவிட்டு இறக்குங்கள். பெயர், மொபைல் எண், ஓ.டி.பி. கொடுத்துப் பதிவு செய்து, அவசரத் தொடர்பாக உங்கள் எண்ணையும் கீழ்வீட்டு எண்ணையும் சேருங்கள். பொத்தானை அழுத்தினால் 112-க்கு அழைப்பும் போகும், போன் இருக்கும் இடமும் போகும். கர்நாடகப் போலீஸின் கே.எஸ்.பி. ஆப்பிலும் எஸ்.ஓ.எஸ் பொத்தான் உண்டு. ஆனால் அம்மாவுக்கு இரண்டு பொத்தான் வேண்டாம். தலைசுற்றும் நேரத்தில் எது எது என்று யோசிக்கக் கூடாது.

ஆப்பைப் போட்டதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது, அனுமதி. இடத்தைக் கேட்கும்போது துல்லியமான இடமா, தோராயமான இடமா என்று ஆண்ட்ராய்டு கேட்கும். தோராயம் என்று தட்டிவிட்டால் ஆப்புக்குக் கிடைப்பது ஏறத்தாழ 3 சதுர கிலோமீட்டர் அளவுள்ள பரப்பு. அல்சூர் ஏரியும் சோமேஸ்வரர் கோயிலும் உங்கள் வீடும் எல்லாம் ஒரே புள்ளியாகிவிடும். துல்லியம் என்பதையே தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது இன்னும் மோசம், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. சில மாதங்கள் திறக்காத ஆப்பிலிருந்து ஆண்ட்ராய்டு தானாகவே அனுமதிகளைப் பிடுங்கிவிடும். பாதுகாப்புக்காகச் செய்த நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவசர ஆப் என்பதே மாதக்கணக்கில் திறக்காமல் கிடக்கும் ஆப். ஆறு மாதம் கழித்து அம்மா அழுத்தும்போது 'லொகேஷனுக்கு அனுமதி கொடுக்கவும்' என்று திரையில் வந்து நின்றால் என்ன செய்வார்? செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பக்கத்துக்குப் போய், அனுமதிகளுக்குக் கீழே பயன்படுத்தாத ஆப்பை நிறுத்திவைக்கும் பொத்தானை அணைத்துவிடுங்கள். ரெட்மியில் கூடவே ஆட்டோஸ்டார்ட்டை இயக்கி, பேட்டரி சேவரில் அந்த ஆப்புக்குக் கட்டுப்பாடு இல்லை என்று வையுங்கள். இல்லாவிட்டால் பின்னணியில் போன் அதை மூடிவிடும்.

மூன்றாவது, இரண்டு சிம். இதை யாரும் சொல்வதில்லை. இரண்டு சிம் போடும் பல போன்களில் ஒரு சிம்மில் பேசிக்கொண்டிருக்கும்போது மற்ற சிம்மின் டேட்டா நின்றுவிடும். அம்மாவுக்கு டேட்டா ஒரு சிம்மிலும் பேச்சு சேலத்துப் பழைய சிம்மிலும் இருந்தால், 112-க்கு அழைப்பு போய்க்கொண்டிருக்கும் அதே நேரத்தில் இடத்தை அனுப்ப வேண்டிய ஆப் வாயடைத்துப் போகும். டேட்டாவும் வெளியழைப்பும் ஒரே சிம்மில் இருக்கட்டும். அந்த சிம்மில் வோல்ட்டீ (VoLTE, 4ஜி வழியாகவே பேசும் வசதி) இயங்குகிறதா என்றும் பாருங்கள். அது அணைந்திருந்தால் பேசும்போது போன் பழைய நெட்வொர்க்குக்கு இறங்கிவிடும், டேட்டா அங்கேயும் நிற்கும். வீட்டு வைஃபையில் இருக்கும்போது இந்தத் தொல்லை இல்லை, ஆனால் கரண்ட் போனால் வைஃபையும் போகும்.

அடுத்து, பவர் பொத்தான். ஆப்பைத் தேடித் திறப்பதைவிட இது அம்மாவுக்கு எளிது. மத்திய அரசின் 2016 விதிகள்படி ஸ்மார்ட்போனில் பவர் பொத்தானை வேகமாக 3 முறை அழுத்தினால் அவசர அழைப்பு போக வேண்டும். பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 12-க்குப் பிறகு வந்த பல போன்களில் 5 முறை. செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் எமர்ஜென்சி என்று தேடி, எமர்ஜென்சி எஸ்.ஓ.எஸ் பக்கத்தைத் திறந்து, அம்மாவின் போனில் எத்தனை என்று பாருங்கள். அங்கேயே, திரையில் வினாடிகள் எண்ணி முடிந்ததும் தானாக அழைப்பதா, திரையை அழுத்திப் பிடித்தால்தான் அழைப்பதா என்ற தேர்வு இருக்கும். கை நடுங்குபவருக்குத் தானாக அழைப்பதே சரி. கைப்பையில் தவறி அழுந்துமே என்ற பயம் நியாயம்தான். அதற்காகத்தான் சில வினாடி எண்ணிக்கையும் ஒலியும் வைத்திருக்கிறார்கள்.

அழைக்கப்படும் எண்ணை அந்தப் பக்கத்தில் மாற்றவும் முடியும். ஒத்திகை பார்க்க இது வசதி: எண்ணை உங்களுடையதாக மாற்றி, அம்மாவை நாலைந்து தடவை அழுத்திப் பழக விடுங்கள். 112-ஐ அழைத்து ஒத்திகை பார்க்காதீர்கள், அது உண்மையான ஒருவரின் நிமிடங்களைத் தின்னும். ஆனால் பழகி முடித்ததும் மறக்காமல் 112-க்கே திருப்பிவிடுங்கள். உங்கள் எண்ணையே நிரந்தரமாக வைத்துவிடலாமே என்று தோன்றும், வேண்டாம். அவசர எண் அல்லாத எண்ணை வைத்தால், போன் பூட்டியிருக்கும்போது இந்த வசதி வேலை செய்யாது.

இவ்வளவும் செய்த பிறகும் எடுப்பவர் கேட்கும் முதல் கேள்வி 'எங்கே இருக்கிறீர்கள்?' என்பதுதான். அதற்கு வாயால் பதில் சொல்ல அம்மா தயாராக இருக்க வேண்டும். என் கணிப்பில் இது எந்த ஆப்பையும்விட முக்கியம். பெங்களூரில் ஒவ்வொரு ஏரியாவிலும் ஒரு முதல் கிராஸ் உண்டு, ஒரு முதல் மெயின் உண்டு. வீட்டு எண்ணில் தொடங்கினால் கேட்பவருக்கு எதுவும் பிடிபடாது. ஏரியாவில் தொடங்கச் சொல்லுங்கள்: அல்சூர், பிறகு எல்லாரும் அறிந்த அடையாளம், பிறகு ரோடு, கிராஸ், கடைசியில் வீட்டு எண். அரசுப் பதிவிலும் மெட்ரோ ஸ்டேஷன் பலகையிலும் ஊர்ப் பெயர் ஹலசூரு. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் தட்டச்சு செய்பவருக்கு உடனே கிடைக்கும்.

இதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, ஹாலிலும் குளியலறைக் கதவுக்கு வெளியேயும், தரையில் உட்கார்ந்தாலும் படிக்கும் உயரத்தில் ஒட்டுங்கள். கூடவே நாலு கன்னட வாக்கியம் தமிழ் எழுத்தில்: நெஞ்சு வலி என்றால் 'எதெ நோவு'. தலைசுற்றல் 'தலெ சுத்து'. விழுந்துவிட்டேன் 'பித்தித்தீனி'. மூன்றாவது மாடி 'மூரனே மஹடி'. முக்கியமாக, 'தமிழு மாத்தாடோரு இத்தாரா?', அதாவது தமிழ் பேசுபவர் இருக்கிறார்களா. அம்மாவின் வயது, சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை விவரம், உங்கள் எண் ஆகியவை அதே தாளில் கீழே இருக்கட்டும். போனிலும் அவசரத் தகவல் பக்கத்தில் இவற்றை நிரப்புங்கள். பூட்டிய திரையில் அவசர அழைப்பைத் தட்டினால் மற்றவர்கள் பார்க்க முடியும்.

கதவு இன்னொன்று. புள்ளி வண்டியைத் தெருமுனை வரை கொண்டுவரும். உள்தாழ்ப்பாள் போட்ட மூன்றாவது மாடிக் கதவை அது திறக்காது. குளியலறைக்கும் வாசலுக்கும் உள்தாழ்ப்பாள் வேண்டாம், வெளியிலிருந்து சாவியால் திறக்கும் பூட்டு போதும், ஒரு சாவி கீழ்வீட்டில். போனைக் குளியலறைக்குள் எடுத்துப்போகும் பழக்கத்தையும் ஏற்படுத்துங்கள், கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு தட்டு அடித்து.

மூன்று வார்த்தையில் இடம் சொல்லும் ஆப் பற்றி உங்கள் நண்பர் சொல்லியிருக்கலாம். உலகத்தை 3 மீட்டர் சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் மூன்று வார்த்தை கொடுப்பது. அம்மாவுக்கு நான் பரிந்துரைக்கவில்லை. ஒலி ஒத்த வார்த்தைகளில் ஓர் எழுத்து மாறினாலும் புள்ளி வேறெங்கோ போய்விடும். பதற்றத்தில், மொழி வேறுபட்ட இருவருக்கிடையே, போனில் இது நடக்கத்தான் செய்யும். இந்திய அஞ்சல் துறை 2025 மே மாதம் வெளியிட்ட டிஜிபின் இதைவிட நன்றாக யோசிக்கப்பட்டது: ஏறத்தாழ 4 மீட்டர் சதுரத்துக்கு 10 எழுத்து, எண்கள் கலந்த குறியீடு, இன்டர்நெட் இல்லாமலும் கணக்கிடலாம். உங்கள் வீட்டுக் குறியீட்டை எடுத்துத் தாளின் கடைசி வரியில் எழுதி வையுங்கள். கேட்பவர் அதைப் பயன்படுத்த முடிந்தால் சொல்லலாம், முடியாவிட்டால் முகவரி இருக்கவே இருக்கிறது.

உங்கள் பங்குக்கு: அம்மாவின் போனில் கூகுள் மேப்ஸில் உங்களுக்கு மட்டும் இடத்தைப் பகிரும் வசதியை, நீங்களாக நிறுத்தும்வரை என்ற தேர்வோடு இயக்குங்கள். அம்மாவிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகு. ஐபோனிலும் தெரியும், அவர் போனில் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்பதும் தெரியும். வாட்ஸ்அப் லைவ் லொகேஷன் அதிகபட்சம் 8 மணி நேரம்தான், தினமும் போடச் சொல்ல முடியாது. அம்மா கோயிலுக்கோ கடைக்கோ போன இடத்தில் ஏதாவது ஆனால் அந்தப் புள்ளியை அழுத்திப் பிடித்து, வரும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கீழ்வீட்டு அக்காவுக்கோ 080 எண்ணில் எடுப்பவருக்கோ ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லலாம். தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் போதும், அது ஏறத்தாழ 11 மீட்டர். இரண்டாவது இலக்கத்தில் ஒன்று தவறினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். புள்ளி எத்தனை நிமிடத்துக்கு முன் புதுப்பிக்கப்பட்டது என்பதையும் பாருங்கள். போன் சிக்னல் இழந்திருந்தால் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.

கடைசியாக உங்கள் பயணம். ஐபோனில் எமர்ஜென்சி எஸ்.ஓ.எஸ்-ஐ அமைத்து, ஹெல்த் ஆப்பின் மெடிக்கல் ஐ.டி.யில் அவசரத் தொடர்புகளைச் சேருங்கள். அழைப்பு முடிந்ததும் அவர்களுக்கு உங்கள் இடம் குறுஞ்செய்தியாகப் போகும். அத்திப்பள்ளி எல்லையருகே போன் எந்த மாநிலத்து டவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. அங்கே 112 எடுத்தவுடன் முதல் வார்த்தையாக 'கர்நாடகா பக்கம்' அல்லது 'தமிழ்நாடு பக்கம்' என்று சொல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலைக்கு 1033 என்ற தனி எண்ணும் உண்டு. சில்க் போர்டுக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் இடையே சுமார் 10 கிலோமீட்டருக்கு மேம்பாலச் சாலையும் கீழ்ச்சாலையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகின்றன. வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே புள்ளிதான். கீழே வந்த வண்டி மேலே ஏற வேண்டுமானால் நுழைவு வரை சுற்றிப்போக வேண்டும். எனவே மேலே இருக்கிறீர்களா கீழேயா, ஓசூரை நோக்கியா நகரத்தை நோக்கியா என்பதை நீங்கள்தான் வாயால் சொல்ல வேண்டும்.